சுதந்திராக் கட்சியும் பழமைவாதச் சிந்தனையின் உள்முரண்களும் (1959–1974)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அரசியல் உரையாடலில் ‘பழமைவாதம்’ என்னும் சொல் பெரும்பாலும் ஒற்றைப் பொருள் தரும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. அச்சொல் சுட்டும் சிந்தனையோ ஒன்றன்று. மரபைப் பேணுதல், சந்தையின் சுதந்திரத்தைக் காத்தல், சிறு உடைமையாளரின் நிலத்தைக் காத்தல், பிறப்புவழித் தலைமையை நிலைநிறுத்தல் எனப் பல இழைகள் அதனுள் உண்டு. 1959இல் சென்னையில் அறிவிக்கப்பட்ட சுதந்திராக் கட்சி இவ்விழைகள் அனைத்தையும் ஒரே அமைப்பிற்குள் கொண்டுவர முயன்றது. அவ்விழைகள் எவற்றால் இணைந்தன, எவ்விடங்களில் மோதின, அம்மோதல்கள் தற்செயலானவையா, கருத்தியலின் இயல்பிலேயே உள்ளவையா என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழமைவாதம், மரபு, சுதந்திராக் கட்சி, ராஜாஜி, சொத்துரிமை, தர்மம், மதுவிலக்கு.

முன்னுரை

இந்திய விடுதலைக்குப் பிந்தைய முதல் இருபத்தைந்து ஆண்டுக்கால அரசியலை விளக்கும் தமிழ் நூல்கள் காங்கிரசு, பொதுவுடைமை இயக்கம், திராவிட இயக்கம் ஆகிய மூன்றையே முதன்மைப்படுத்துகின்றன. சுதந்திராக் கட்சி, 1967ஆம் ஆண்டுத் தேர்தல் கூட்டணியைக் கூறும் இடத்தில் ஓரிரு வரிகளில் இடம்பெறுகிறது. ‘பணக்காரர் கட்சி’, ‘மன்னர்கள் கட்சி’ என்னும் அடைகளோடு அப்பேச்சு முடிந்துவிடுகிறது. அவ்வடைகள் பொய்யல்ல. ஆயினும் அவை முழுமையுமல்ல.

ஆங்கிலத்தில் இக்கட்சி குறித்த ஆய்வுகள் உள்ளன. 1967இல் ஹோவார்டு எர்ட்மன் வெளியிட்ட நூல் இக்கட்சியை இந்தியப் பழமைவாதம் என்னும் சட்டகத்தில் வைத்து ஆராய்ந்தது. வசந்தி சீனிவாசனின் 2009ஆம் ஆண்டு நூல் ராஜாஜியின் அரசியல் சிந்தனையை மையப்படுத்தியது. ஆதித்ய பாலசுப்பிரமணியனின் 2023ஆம் ஆண்டு நூல் ‘கட்டற்ற பொருளாதாரம்’ என்னும் கருத்தையும் எதிர்க்கட்சி அரசியலையும் முன்னிறுத்தியது. இக்கட்டுரையின் நோக்கம் கட்சியின் வரலாற்றை முழுமையாக எழுதுவதன்று. அதன் உள்முரண்களை வாயிலாகக் கொண்டு பழமைவாதச் சிந்தனையின் வகைகளை வேறுபடுத்திக் காட்டுவதேயாகும்.

1. சொல்லும் பொருளும்

‘பழமை’ என்பதும் ‘மரபு’ என்பதும் தமிழில் ஒன்றல்ல. பழமை காலத்தைக் குறிப்பது. மரபு வழக்கைக் குறிப்பது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல், வழிவழியாக வழங்கிவரும் பெயர்களையும் முறைகளையும் தொகுக்கிறது. வழக்கு மாறுவதைக் குற்றமாகக் கொள்ளாத பார்வையை நன்னூல் முன்வைக்கிறது. மரபு என்பது மாறாதது அன்று, முறையாக மாறுவது என்னும் புரிதல் தமிழ் இலக்கண மரபிற்குள்ளேயே உண்டு. மேலை அரசியல் சிந்தனையில் பழமைவாதத்தின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படும் எட்மண்டு பர்க்கின் நிலைப்பாடும் இதற்கு நெருக்கமானது. 1790இல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து அவர் எழுதிய நூல் மாற்றத்தையே மறுக்கவில்லை. மாறும் வழியற்ற அரசு தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையும் இழந்துவிடும் என்பதே அவர் வாதம். வெறும் பகுத்தறிவுத் திட்டத்தைக் கொண்டு சமூகத்தை அடியோடு மாற்றியமைக்கும் துணிவையே அவர் எதிர்த்தார்.

பர்க்கிற்கும் தமிழ்நிலத்திற்கும் நேரடித் தொடர்பு ஒன்றுண்டு. 1785இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய உரையில், கர்நாடகப் பகுதியின் ஏரிகளைப் பிற்காலத் தலைமுறைகளின் நலன் கருதி முன்னோர் அமைத்தவை எனப் போற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பேராசை அந்நிலத்தைப் பாழாக்கியதைக் கண்டித்தார். தலைமுறைகளுக்கிடையிலான பொறுப்பு என்னும் அவருடைய மையக்கருத்து, வணிக நிறுவனம் ஒன்றின் கட்டற்ற இலாப வேட்கைக்கு எதிராகவும் நின்றது. மரபைக் காப்போரும் சந்தையைக் காப்போரும் ஒரே அணியினர் என்னும் இருபதாம் நூற்றாண்டு நம்பிக்கை, இச்சிந்தனையின் தொடக்கத்திலேயே உறுதியானதாக இல்லை என்பதற்கு இதுவே சான்று.

பிற்காலச் சிந்தனையாளர் இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே கூறினர். ஃபிரெட்ரிக் ஹாயெக் 1960ஆம் ஆண்டு நூலின் பின்னுரையில், தாம் ஏன் பழமைவாதி அல்லர் என்பதை விளக்கினார். பழமைவாதம் மாற்றத்தை அஞ்சுவது, அதிகாரத்தை எளிதில் நம்புவது என்பன அவர் கூறிய காரணங்களுள் சில. சாமுவேல் ஹண்டிங்டன் 1957இல் எழுதிய கட்டுரையில், பழமைவாதத்தை விளக்கும் கோட்பாடுகளை மூன்றாகப் பகுத்தார். பிரபுத்துவ வகுப்பின் கருத்தியலாகக் கொள்வது ஒன்று. எக்காலத்திற்கும் பொருந்தும் விழுமியத் தொகுதியாகக் கொள்வது மற்றொன்று. நிலைபெற்ற நிறுவனங்கள் அடிப்படையான தாக்குதலுக்கு உள்ளாகும் சூழலில் அவற்றைக் காக்க எழும் எதிர்வினையாகக் கொள்வது மூன்றாவது. சுதந்திராக் கட்சியின் தோற்றத்தை விளக்க மூன்றாம் கோட்பாடு மிகவும் பொருந்துகிறது. அதன் சிதைவை விளக்க முதலிரண்டும் தேவைப்படுகின்றன.

2. கட்சியின் தோற்றமும் நான்கு இழைகளும்

1955இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக ஏற்றது. 1959 சனவரியில் நாகபுரியில் கூடிய மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை வேளாண்மையின் எதிர்கால வடிவமாக அறிவித்தது. உழவரின் நிலம் பறிபோகும் என்னும் அச்சம் இதனால் பரவியது. அவ்வாண்டு ஜூன் 4 அன்று சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் பம்பாயில் ஆயத்த மாநாடு கூடியது. அப்போது ராஜாஜிக்கு வயது எண்பது. என்.ஜி. ரங்கா தலைவராகவும் மினூ மசானி பொதுச்செயலாளராகவும் பொறுப்பேற்றனர். கே.எம். முன்ஷி, ஹோமி மோடி முதலியோரும் முன்னணியில் நின்றனர். இவர்களை ஒன்றுசேர்த்தது நாகபுரித் தீர்மானம். இவர்கள் வந்த வழிகளோ வேறுவேறு.

2.1 தர்மம் சார்ந்த மரபுப் பேணல்

ராஜாஜியின் அரசியல், காந்தியத்திலிருந்தும் தர்மம் என்னும் கருத்திலிருந்தும் கிளைத்தது. மனிதன் தன்னைத்தான் அடக்கிக்கொள்ளும் பழக்கமே பண்பாடு. அப்பழக்கம் வலுவாக உள்ள சமூகத்தில் அரசின் கட்டளைகள் குறைவாக இருந்தால் போதும். அரசு எங்கும் நுழையும்போது அப்பழக்கம் தளரும் என்பது அவர் வாதத்தின் சாரம். கூட்டுக்குடும்பம், சாதிச் சமூகம் ஆகியவற்றைப் பரவலாக்கப்பட்ட காப்பு ஏற்பாடுகளாகவும் அவர் நோக்கினார். ‘கல்கி’ இதழில் தொடராக எழுதிய இதிகாச உரைநடைக்கும் ‘சுயராஜ்யா’ இதழில் ஆங்கிலத்தில் எழுதிய அரசியல் குறிப்புகளுக்கும் அடித்தளம் ஒன்றே. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதற்கடுத்த ஆண்டில் கட்சி பிறந்தது. வாசகர் திரளுக்கு அறம் கூறிய குரலே வாக்காளர் திரளுக்கும் அறம் கூற முற்பட்டது எனலாம்.

2.2 சந்தைச் சுதந்திரம்

மசானி வந்த வழி இதற்கு நேர்மாறானது. 1934இல் காங்கிரசு சோசலிசக் கட்சியை நிறுவியவர்களுள் அவர் ஒருவர். சோவியத் நாட்டின் நடப்புகளைக் கண்டு பொதுவுடைமையிலிருந்து விலகி, தனிமனிதச் சுதந்திரத்தைத் தாராளவாத அடிப்படையில் வலியுறுத்தும் நிலைக்கு வந்தவர். 1956இல் ஏ.டி. ஷராப் பம்பாயில் தொடங்கிய கட்டற்ற தொழில் மன்றம் இவ்விழையின் மற்றொரு ஊற்று. இவர்களுக்கு மரபு ஒரு பொருட்டன்று. போட்டி, முதலீடு, நுகர்வோரின் தேர்வு ஆகியவையே இவர்களின் சொற்கள். தம்மைப் பழமைவாதிகள் என அழைப்பதையும் இவர்கள் ஏற்கவில்லை.

2.3 உடைமை உழவர் நலன்

குண்டூர்ப் பகுதியைச் சேர்ந்த ரங்கா ஆக்சுபோர்டில் பயின்றவர். 1930களில் ஆந்திரப் பகுதியில் ஜமீன்தாரி முறைக்கு எதிராக உழவரைத் திரட்டியவர். தன் நிலத்தைத் தானே உழும் குடும்பமே நாட்டின் முதுகெலும்பு என்பது அவர் கொள்கை. கூட்டுப் பண்ணை அக்குடும்பத்தைக் கூலியாளாக்கிவிடும் என அவர் அஞ்சினார். அவர் காத்தது பெருநிலக்கிழாரின் உடைமையை அன்று, உழுபவனின் உடைமையை.

2.4 பிறப்புவழித் தலைமை

சமஸ்தானங்கள் இணைக்கப்பட்டு, ஜமீன்களும் ஜாகீர்களும் ஒழிக்கப்பட்டபின் அதிகாரம் இழந்த குடும்பங்கள் நான்காம் இழையாயின. ஒரிசாவில் ஆர்.என். சிங் தேவ் தலைமையிலான கணதந்திர பரிஷத், பீகாரில் ராம்கர் அரசர் காமாக்கிய நாராயண சிங்கின் கட்சி, ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி ஆகியோர் கட்சிக்கு வாக்குகளைக் கொண்டுவந்தனர். 1962இல் ஜெய்ப்பூர்த் தொகுதியில் காயத்ரி தேவி 1,92,909 வாக்குகள் பெற்று வென்றார். கோட்பாட்டு நூல்களைக் கற்று மக்கள் அளித்த வாக்குகள் அல்ல இவை. பழைய விசுவாசம் புதிய வாக்குச்சீட்டில் வெளிப்பட்டமையே இதன் பொருள்.

3. இழைகளைப் பிணைத்த கயிறு

இந்நான்கையும் ஒருசேரப் பிணைத்தவை இரண்டு. முதலாவது, சொத்துரிமை. வணிகருக்கு அது முதலீட்டின் காப்பு. உழவருக்கு நிலத்தின் காப்பு. மன்னர் குடும்பத்தினருக்கு அரசு அளித்த வாக்குறுதியின் காப்பு. ராஜாஜிக்கோ குடும்பமும் அறமும் ஊன்றி நிற்கும் தரை. ஒரே சட்டப்பிரிவு நால்வருக்கு நான்கு பொருளைத் தந்தது. பர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி உருவாக்கிய சொற்றொடர் இந்நால்வரும் ஒரே எதிரியைக் காண உதவியது. அனுமதிச் சீட்டிற்காக அரசு அலுவலகத்தில் காத்திருக்கும் தொழில் முனைவோனையும், நிலத்தை அரசு கணக்கெடுக்குமோ என அஞ்சும் உழவனையும் அத்தொடர் ஒரே வரிசையில் நிறுத்தியது.

இரண்டாவது, கருத்துவேறுபாட்டிற்கு இடமளித்த அமைப்புவிதி. கட்சி 21 அடிப்படைக் கொள்கைகளை வகுத்துக்கொண்டது. அவற்றுக்கு உட்படாத பொருள்களில் உறுப்பினர் தம் விருப்பப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்றும் அறிவித்தது. காந்தியின் தர்மகர்த்தா முறை அக்கொள்கைகளில் இடம்பெற்றது. மொழிச் சிக்கல், மதுவிலக்கு முதலியன உறுப்பினரின் மனச்சான்றிற்கு விடப்பட்டன. கட்டுப்பாட்டு அரசியலை எதிர்த்த கட்சிக்கு இவ்விதி பொருத்தமானதே. ஆனால் இவ்விதியால் முரண் தீரவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. ஒரு கட்சி எவற்றைத் தன் கொள்கைப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறதோ அவையே அதன் உள்முரண்களின் பட்டியலாக அமைவதை இங்குக் காணலாம்.

4. முரண்களின் களங்கள்

4.1 மதுவிலக்கு: தன்னடக்கமும் சட்டமும்

அரசு தலையிடாமையை வலியுறுத்திய ராஜாஜி, மதுவிலக்கில் மட்டும் அரசின் முழு வலிமையையும் வேண்டினார். திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை நடத்திய அவர், 1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கலால் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்றாக 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. வரிச்சுமையையும் அரசுக் கட்டுப்பாட்டையும் எதிர்த்த கட்சியின் நிறுவனரே அவ்வரியின் முன்னோடி என்பது வரலாற்றின் விந்தை.

இதனை வெறும் முரண்பாடு எனத் தள்ளிவிட இயலாது. தர்மம் சார்ந்த பழமைவாதத்தில் சுதந்திரம் இறுதி விழுமியம் அன்று. ஒழுக்கம் வளர இடமளிக்கும் சூழலே விழுமியம். ஆகவே ஒழுக்கத்தைக் கெடுப்பதாகக் கருதப்படும் ஒன்றை அரசு தடுப்பது அதற்கு இயல்பானதே. தாராளவாத இழைக்கோ, எதை உண்பது எதைக் குடிப்பது என்பது தனிமனிதத் தேர்வு. மசானி போன்றோரிடம் மதுவிலக்கில் அத்தகைய பிடிப்பு இருக்கவில்லை. ‘அரசே, விலகி நில்’ என்னும் ஒரே முழக்கத்தின் அடியில் இரு வேறு மனித இலக்கணங்கள் இருந்தன. 1971 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது, முதுமையிலும் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்து அம்முடிவைக் கைவிடுமாறு ராஜாஜி வேண்டினார். அரசு வருவாயைவிடக் குடும்பத்தின் நிலையே பெரிது என்பது அவர் வாழ்நாள் முழுதும் விடாத நிலைப்பாடு.

4.2 நிலம்: உழுபவனும் உடையவனும்

ஜமீன்தாரியை எதிர்த்துப் போராடிய ரங்காவும் ஜமீன்தாரி ஒழிப்பால் நிலமிழந்த ராம்கர் அரசரும் ஒரே கொடியின்கீழ் நின்றமை இக்கட்சியின் மிக வெளிப்படையான முரண். 1964ஆம் ஆண்டின் 17ஆவது அரசமைப்புத் திருத்தம் இருவரையும் ஒன்றிணைத்தது. ரயத்துவாரி நிலங்களையும் ‘எஸ்டேட்’ என்னும் வரையறைக்குள் கொண்டுவந்த அத்திருத்தம், சிறு உழவரையும் பெருநிலக்கிழாரையும் ஒரே அச்சத்தில் நிறுத்தியது. அத்திருத்தத்தை எதிர்த்தவரை ஒற்றுமை நிலைத்தது. நிலம் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்னும் கேள்விக்கு இருவரிடமும் பொதுவான விடை இருக்கவில்லை. விளைபொருளுக்கு நியாய விலையை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்னும் உழவர் இயக்கக் கோரிக்கை, விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்னும் பம்பாய்த் தொழில்முனைவோரின் வாதத்தோடும் பொருந்தவில்லை.

குசராத்தில் இம்முரண் சமூக வடிவம் பெற்றது. பாய்லால்பாய் பட்டேல் தலைமையில் நிலவுடைமைப் பாட்டிதார்களும், குத்தகை உழவர் பலரை உள்ளடக்கிய சத்திரியச் சபையினரும் கட்சிக்குள் இணைந்தனர். இவ்விணைப்பு 1967இல் 168 சட்டமன்ற இடங்களுள் 66ஐப் பெற்றுத்தந்தது. குத்தகைச் சிக்கலில் எதிரெதிராக நிற்கும் இரு தரப்பாரின் இவ்வுறவு நெடுநாள் நிலைக்கவில்லை.

ராஜாஜியின் சொந்த வரலாற்றிலும் இவ்விழுபறி உண்டு. 1952இல் முதலமைச்சராக இருந்தபோது உணவுத் தானியக் கட்டுப்பாட்டை நீக்கிய அவரே, அதே ஆண்டில் தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாள்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பொதுவுடைமையர் வலுப்பெற்றிருந்த டெல்டாவில் நிலைகுலைவைத் தடுக்கும் நோக்கம் அதில் இருந்தது. காப்பதற்காக மாற்றுதல் என்னும் பர்க்கிய வழிக்கு இதனைவிடத் தெளிவான தமிழக எடுத்துக்காட்டு அரிது.

4.3 மொழி: ஒரே தேசம், எந்த நாவு?

1949இல் அரசமைப்பு அவையில் இந்தியை ஆட்சிமொழியாக்கிய சமரசம், முன்ஷி – கோபாலசாமி ஐயங்கார் பெயர்களால் வழங்குகிறது. அம்முன்ஷி சுதந்திராக் கட்சியின் முன்னணித் தலைவருள் ஒருவர். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த ராஜாஜியோ, 1950களின் பிற்பகுதியில் அந்நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என வாதிட்டார். பண்பாட்டுத் தேசியம் பொது இந்திய மொழி ஒன்றைத் தேடிற்று. நடைமுறையில் நிலைபெற்றதைக் குலைக்காதே என்னும் எச்சரிக்கைவாதம் ஆங்கிலத்தைத் தேர்ந்தது. இரண்டுமே பழமைவாதத்தின் வாதங்கள்தாம். எது ‘நம் மரபு’ என்னும் கேள்விக்கு வடக்கும் தெற்கும் ஒரே விடை கூற இயலாத நாட்டில், அனைத்திந்தியப் பழமைவாதம் ஒன்று உருவாவதன் இடர்ப்பாட்டை இது காட்டுகிறது. தமிழகத்தில் தி.மு.க.வோடு ராஜாஜி அணிசேர இம்மொழி நிலைப்பாடே பாலமாயிற்று.

4.4 கல்வியும் சாதியும்: மரபு யார்மீது சுமை?

1953இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என வகுத்த திட்டம், ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெரியாராலும் தி.மு.க.வினராலும் கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. பள்ளிகளின் பற்றாக்குறையை ஈடுசெய்வதும், கைத்தொழிலை மதிப்பதும், குடும்பத்தைக் கல்விக்கூடமாகக் காண்பதும் திட்டத்தின் நோக்கங்களாகக் கூறப்பட்டன. அத்திட்டத்தின் பயன் யாருக்கு எவ்வாறு அமையும் என்பதே எதிர்ப்பாளர் எழுப்பிய வினா. வழக்கறிஞர் மகனுக்குத் தந்தையின் தொழில் ஏணி. துப்புரவுத் தொழிலாளி மகனுக்கு அது சிறை.

தர்மம் சார்ந்த பழமைவாதத்தின் அடிப்படை நெருக்கடி இங்கேதான் உள்ளது. அரசின் அதிகாரத்திற்கு எதிரான வேலியாக அது முன்வைத்த குடும்பம், சாதி, ஊர் ஆகிய இடைநிலை அமைப்புகள், தம்முள் இருப்போர்மீது தாமே அதிகாரம் செலுத்துபவை. அவ்வதிகாரத்திலிருந்து விடுபட விரும்புவோர்க்கு அரசும் அரசுப் பள்ளியுமே புகலிடங்கள். கோயில் நுழைவை 1939இல் சட்டத்தின் துணையோடு ஆதரித்த ராஜாஜி இதனை அறியாதவர் அல்லர். வழிபாட்டில் மரபின் வேலியை அகற்ற அரசின் துணையை நாடிய அவர், தொழிலில் அதே மரபைக் காப்பாகவே கண்டார்.

ஒரிசாவில் இவ்வினா மற்றொரு வடிவில் எழுந்தது. 1967இல் சிங் தேவ் தலைமையில் அமைந்த கூட்டணி அரசு, வற்புறுத்தல், ஆசைகாட்டல், வஞ்சகம் ஆகிய வழிகளில் மதம் மாற்றுவதைத் தடுக்கும் ‘மதச் சுதந்திரச் சட்டத்தை’ இயற்றியது. சுதந்திரத்தின் பெயர் தாங்கிய கட்சி, தனிமனித மனச்சான்றின் களத்தில் அரசை நுழையவிட்டது. பம்பாய்த் தாராளவாதத்திற்கும் ஒரிசா அரண்மனை அரசியலுக்கும் இடையிலான தொலைவு இச்சட்டத்தில் வெளிப்படுகிறது.

4.5 ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும்

‘வலதுசாரி’ என ஒரே சொல்லால் சுட்டப்பட்ட இவ்விரு கட்சிகளின் அடிப்படைகள் வேறு. ஜனசங்கம் பண்பாட்டு ஒருமையைத் தேசத்தின் உயிராகக் கொண்டது. தீனதயாள் உபாத்தியாயா 1965இல் விளக்கிய ஒருங்கிணைந்த மனிதநேயம், முதலாளியத்தையும் பொதுவுடைமையையும் ஒருங்கே மறுத்தது. ராஜஸ்தானில் ஜாகீர்தாரி ஒழிப்பை ஆதரித்ததால் 1950களில் அக்கட்சி தன் சட்டமன்ற உறுப்பினர் சிலரை இழக்கவும் நேர்ந்தது. ராஜாஜியோ 1944இல் பிரிவினைக் கோரிக்கையோடு சமரசம் காணும் திட்டத்தை முன்வைத்தவர். பாகிஸ்தானுடன் இணக்கத்தை வலியுறுத்தியவர். 1964இல் விடுதலையான ஷேக் அப்துல்லா சென்னை வந்து சந்தித்த தலைவர். 1962இல் வாஷிங்டன் சென்று கென்னடியிடம் அணுச்சோதனைத் தடையை வேண்டியவரும் அவரே. ஜனசங்கம் 1964ஆம் ஆண்டுச் சீனச் சோதனைக்குப்பின் இந்தியா அணுகுண்டு செய்ய வேண்டும் எனக் கோரியது. அரசின் பொருளாதார அதிகாரத்தை அஞ்சுவோரும் தேசத்தின் படைவலிமையைப் போற்றுவோரும் ஒரே பக்கத்தில் அமர்ந்திருந்தாலும், அரசு எதற்காக என்னும் கேள்வியில் எதிரெதிராகவே நின்றனர்.

5. எழுச்சியும் சிதைவும்

1962 பொதுத்தேர்தலில் மக்களவையில் 18 இடங்களைப் பெற்ற கட்சி, 1967இல் 44 இடங்களோடு மிகப்பெரிய எதிர்க்கட்சியாயிற்று. தமிழகத்தில் தி.மு.க. கூட்டணியில் 20 சட்டமன்ற இடங்களை வென்றது. சந்தைப் பொருளாதாரத்தைப் பேசிய கட்சி, அரிசி விலையைக் குறைப்பதாக வாக்களித்த கட்சியோடு சேர்ந்து வென்றது இங்குக் கருதத்தக்கது.

1969 சூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. கட்சியின் முன்னணியினருள் ஒருவரான ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கில் 1970இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. புதிய சட்டத்தின்வழி நாட்டுடைமை நிலைபெற்றது. மன்னர் மானிய ஒழிப்பையும் கட்சி எதிர்த்தது. அரசு தான் கொடுத்த வாக்கை மீறலாகாது என்பது அதன் வாதம். சட்ட நோக்கில் வலுவான அவ்வாதம், வறுமை ஒழிப்பை முழக்கமாக்கிய தேர்தலில் மன்னர்களுக்கான பரிவாகவே மக்களுக்குப் பட்டது. 1971இல் காங்கிரசு (ஓ), ஜனசங்கம், சம்யுக்த சோசலிசக் கட்சி ஆகியவற்றோடு அமைத்த கூட்டணி படுதோல்வியுற்றது. சுதந்திராக் கட்சிக்கு 8 இடங்களே கிடைத்தன. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியின் பெரும்பகுதி சரண் சிங் தலைமையிலான பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

இழைகள் பிரிந்து சென்ற திசைகள் அவற்றின் இயல்பையே காட்டுகின்றன. உழவர் இழை, நாகபுரித் தீர்மானத்தைக் காங்கிரசுக்குள்ளிருந்தே எதிர்த்த சரண் சிங்கிடம் சென்றது. ரங்கா காங்கிரசுக்கே திரும்பினார். தாராளவாத இழையைச் சேர்ந்த மசானி இணைப்பை ஏற்கவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில் தம் இதழ்மீதான தணிக்கையை எதிர்த்துப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். சொத்தைக் காக்கக் கட்டிய வாதங்கள் பேச்சுரிமையைக் காக்கவும் உதவின என்பது இவ்விழையின் தகுதிக்குச் சான்று. மறுபுறம், பாரதிய லோக் தளத்தையும் ஜனசங்கத்தையும் உள்ளடக்கிய ஜனதா அரசே 1978இல் 44ஆவது திருத்தத்தின்வழி சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. நான்கு இழைகளையும் பிணைத்த கயிறு, அவ்விழைகள் சிலவற்றின் வழிவந்தோரும் பங்குகொண்ட ஆட்சியிலேயே அறுந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சுதந்திராக் கட்சியை இணைத்தது பொதுவான இலக்கு அன்று, பொதுவான எதிர்ப்பு. கூட்டுப் பண்ணை அச்சம் தணிந்தபின் அவ்விணைப்பு தளர்ந்தது.

அதன் உள்முரண்கள் தலைவர்களின் குணவேறுபாட்டால் மட்டும் விளைந்தவை அல்ல. சந்தை எதனையும் விலைக்குரியதாக்கி இடம்பெயர்க்கிறது. மரபு சிலவற்றை விலைக்கு அப்பாற்பட்டவை எனக் காக்கிறது. ஒன்றின் வெற்றி மற்றதன் அடித்தளத்தை அரிக்கும். தர்மகர்த்தா முறை என்னும் காந்தியக் கருத்து இவ்விடைவெளியை நிரப்பும் பாலமாக முன்வைக்கப்பட்டது. உடையவரின் நல்லெண்ணத்தையன்றி வேறு பிடிமானம் அதற்கு இருக்கவில்லை.

பிறப்புவழிப் படிநிலை கொண்ட சமூகத்தில், எந்த மரபைக் காப்பது என்னும் வினா, அம்மரபின் சுமையை யார் தாங்குவது என்னும் வினாவிலிருந்து பிரிக்க இயலாதது. குலக்கல்விச் சிக்கல் இதனைத் தமிழகத்திற்கு உணர்த்தியது. அதேவேளையில், அரசின் கைகளில் குவியும் அதிகாரம் குறித்து இக்கட்சி எழுப்பிய எச்சரிக்கை நெருக்கடிநிலைக் காலத்தில் மெய்யாயிற்று என்பதும் மறுக்கவொண்ணாதது.

ஆகவே ‘பழமைவாதம்’ என ஒரு சொல்லால் சுட்டி அமைவது ஆய்வுக்குப் போதாது. யாருடைய பழமை, எதற்கு எதிரான காப்பு, எவருடைய செலவில் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்தே கேட்கும்போதுதான் அச்சொல் பொருளுடையதாகிறது. ‘கல்கி’ முதலிய இதழ்களில் ராஜாஜி தமிழில் எழுதிய அரசியல் கட்டுரைகளை இவ்வினாக்களோடு மீள வாசிப்பது, தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் அரசியல் சிந்தனை வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்தரும்.